ஒன்பதாம் வளைவு

விவாகரத்தில் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டோம்.
வேனை மட்டும் பிரிக்க முடியவில்லை.
இரட்டைப்படை மாதங்கள் எனக்கு,
ஒற்றைப்படை எர்மெஸுக்கு.
பந்தயம் வருவதோ மே மாதம்.
அதனால் வருடா வருடம்
நான்தான் முதலில் போன் செய்யவேண்டியிருக்கிறது.

இம்முறை எங்கள் மலையிலேயே ஏறுகிறார்கள்,
பத்தொன்பதாம் கட்டம், வெள்ளிக்கிழமை.
முந்தின நாள் மாலை ஆறு மணிக்குச்
சாலையை அடைத்துவிடுவார்கள்.
மருந்துக்கடை நாட்காட்டியைத் திருப்பிப்போட்டு
என் சமையலறை மேசையில் எழுதுகிறோம்.
அவன்: டீசல். தண்ணீர், நாற்பது லிட்டர்.
நான்: கம்பளி.
மே கடைசியில் பனி பெய்ததை அவன் மறந்திருக்கலாம்,
என் கால்விரல்கள் மறக்கவில்லை.

சண்டை, எங்கே நிற்பது என்பதில்.
உச்சியில் என்கிறான். கொடிகள், கூட்டம், பெரிய திரை.
ஒன்பதாம் வளைவில் என்கிறேன்.
அங்கே ஏற்றம் பதினான்கு சதவீதம்.
சமவெளியில் ஒருவன் உன்னைக் கடக்க அரை நொடி;
அங்கே நான்கு, மழையென்றால் ஐந்து.
கன்னத்தில் காய்ந்த உப்புகூடத் தெரியும்.
“ஐந்து நொடிக்காக ஒரு ராத்திரி முழுக்கவா?”
பதினோரு வருடத்தில்
எத்தனை நொடி என்னை அப்படிப் பார்த்தாய் என்று
நான் கேட்கவில்லை.
பட்டியலில் சீஸ் சேர்த்தேன்.

முதலில் வருபவனுக்காக நாங்கள் போகவில்லை.
இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரே ஒருவன் ஓட்டுகிறான்:
எல்வியோ ஃபாக்கின்,
நேற்றைய நிலவரப்படி நூற்று முப்பத்தெட்டாவது.
தலைவனுக்குத் தண்ணீர் சுமப்பது அவன் வேலை.
அணியின் காருக்குப் பின்தங்கி
எட்டு பாட்டிலைச் சட்டைக்குள் திணித்து
முதுகு புடைக்க
மறுபடி கூட்டத்தைத் துரத்திப் பிடிப்பான்.
டிவியில் அவனைக் காட்டுவதே இல்லை.
காட்டாதவரை நல்லது என்பாள் அவன் அம்மா,
ரொட்டியை எடைபோட்டபடி.

வெள்ளை பெயிண்ட், இரண்டு டின்.
கீழிருந்து ஏறி வருபவன் கண்ணுக்கு
நேராக இருக்கவேண்டும் பெயர்.
மூன்று வருடத்துக்கு முன் வேறொரு மலையில்
கிராப்பா குடித்துவிட்டு
எர்மெஸ் தலைகீழாக எழுதினான்.
மறுநாள் இறங்கி வந்த பால் லாரிக்காரர் ஒருவர்தான்
அதைச் சரியாகப் படித்தார்.
இம்முறை அளவெடுத்தாயிற்று.
சாலையின் அகலம் ஐந்து மீட்டர்.
ஓரத்தில் ஒரு முழம் விடவேண்டும்.
ஒத்திகைக்கு ஒரு டின்னைத் திறந்து
கொல்லைச் சுவரில் எழுதியும் பார்த்தோம்.

செவ்வாய் மாலை,
தோல்மெத்ஸோ மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
எந்திரங்களுக்கு மேலிருந்த டிவியில்
எல்வியோ.
முழுத் திரையில் அவன் முகம்.
சத்தம் கேட்கவில்லை, தேவையும் இல்லை.
ஈரமான இறக்கம், பிளந்த சட்டை,
சாலை முழுக்க உருளும் பாட்டில்கள்.
காறையெலும்பு என்று பிறகு சொன்னார்கள்.

அன்றிரவு எர்மெஸே போன் செய்தான்.
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
“பெயிண்டைத் திருப்பி எடுத்துக்க மாட்டாங்க” என்றான்.
“ஒன்றைத் திறந்துவிட்டோமே” என்றேன்.

நாட்காட்டியின் அடுத்த தாள்.
வெள்ளிக்கிழமை எல்வியோ வீட்டில் இருப்பான்,
கையைத் தூளியில் போட்டு, சோபாவில், டிவி முன்னால்.
ஒன்பதாம் வளைவுக்கு மேல்தான்
ஹெலிகாப்டர் எப்போதும் திரும்பும்.
அப்படியென்றால் சாலை போதாது.
வளைவுக்குக் கீழே புல்சரிவு இருக்கிறது.
சலவைக்கூடத்தில் கழித்துப்போட்ட விரிப்புகள்
மூட்டை மூட்டையாக இருக்கின்றன.
அவன் பென்சிலை நாவில் தொட்டுக் கணக்குப் போடுகிறான்:
எழுத்துக்கு எட்டு விரிப்பு, வானத்தைப் பார்த்தபடி.
“காற்றடித்தால்?”
கல் வைக்கலாம்.
“பசு ஏறினால்?”
அதற்கு நீ.

வியாழன் மதியம் கிளம்புகிறோம்.
டீசல், தண்ணீர், சீஸ், கம்பளி,
விரிப்பு நாற்பத்திரண்டு, பெயிண்ட் சும்மா ஒரு டின்.
மலையில் இரவு குளிரும்.
வேனில் கட்டில் ஒன்றுதான்.
அதைப் பட்டியலில்
அவனும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.